அழுக்கைக் கழுவினால் மதிப்பும் போய்விடுமா?

பழைய பொருள் ஒன்று கையில் கிடைத்தால் மனிதன் முதலில் செய்யும் காரியம் என்ன? அதைத் தேய்த்துக் கழுவுவதுதான்!

தூசி படிந்த குத்துவிளக்கு, பரணில் கிடந்த செம்பு, மங்கிப்போன வெள்ளிக்காசு, எதுவாக இருந்தாலும் சரி. பளபளப்பு வந்துவிட்டால் பொருளுக்கு உயிர் வந்துவிட்டது என்று அவன் மகிழ்ந்து போகிறான்.

விளக்குக்கும் செம்புக்கும் அது சரி. ஆனால் வேறு சில பொருள்கள் உண்டு. தேய்க்கத் தேய்க்க அவற்றின் அழகு கூடுவது போலத் தோன்றும். விலையோ குறைந்துகொண்டே போகும்!

அப்படிப்பட்ட பொருள்களில் ஒன்று, அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் பணத்துக்குப் பதிலாக வழங்கும் வட்டச் சில்லு.

அதைக் கழுவலாமா, கூடாதா? பழைய சில்லுகளைச் சேகரித்து வைப்பவர்களை இந்தக் கேள்வி இரண்டு கட்சிகளாகப் பிரித்திருக்கிறது. கேட்பதற்கு அற்ப விஷயமாகத் தெரியும். ஆனால் அதற்குள் பணமும் இருக்கிறது, விற்பவனின் நாணயமும் இருக்கிறது.

பாலைவனத்தில் பிறந்த சில்லு

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு ராஜ்யம். அங்கே 1931-ம் ஆண்டில் சூதாட்டம் சட்டபூர்வமாக்கப்பட்டது. அதன் பிறகு லாஸ் வேகாஸ் என்ற பாலைவன ஊரில் பெரிய பெரிய விடுதிகள் எழுந்தன. 1941-ல் எல் ராஞ்சோ வேகாஸ் வந்தது. 1946-ல் பிளமிங்கோ, 1952-ல் சாண்ட்ஸ், 1955-ல் டூன்ஸ் என்று வரிசையாக வந்தன.

இந்த விடுதிகளில் ஆட்ட மேஜை மீது ரூபாய் நோட்டுப் போல டாலர் நோட்டைக் குவித்து வைத்து ஆடுவதில்லை. பணத்தைக் கொடுத்தால் சில்லு கொடுப்பார்கள். ஆடி முடித்ததும் மிச்சமிருக்கும் சில்லைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கொடுப்பார்கள். சில்லின் மேல் விடுதியின் பெயரும் மதிப்பும் இருக்கும். சிவப்பு என்றால் 5 டாலர், பச்சை என்றால் 25, கறுப்பு என்றால் 100 என்பது பரவலான வழக்கம்.

சூது குடியைக் கெடுக்கும் என்பது தெரிந்த கதை. அந்த மேஜைகளில் வீட்டையும் வாசலையும் தோற்றவர்கள் ஏராளம். ஆனால் சில்லு சேகரிப்பவர் சூதாடி அல்ல. தபால் தலை சேர்ப்பவர் கடிதம் எழுதுகிறாரா என்ன? அது போலத்தான் இதுவும்.

ஏன் சேகரிக்கிறார்கள்? விடுதிகள் மறைந்துவிட்டன. சில்லு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதுதான் காரணம்.

எல் ராஞ்சோ வேகாஸ் 1960-ல் தீக்கிரையாயிற்று. டூன்ஸ் 1993-லும், சாண்ட்ஸ் 1996-லும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 1957-ல் திறந்த டிராபிகானா, 2024 ஏப்ரலில் மூடப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் தரைமட்டமாயிற்று. சில விநாடிகளில் புழுதி மேகம் எழுந்து அடங்கியது. அறுபத்தேழு ஆண்டுச் சரித்திரம் முடிந்தது!

ஒரு விடுதி மூடப்பட்டால் அதன் கையிருப்புச் சில்லுகளை அழித்துவிட வேண்டும் என்பது நெவாடாவின் இன்றைய விதி. ஆக, யாரோ ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் மறந்துவிட்ட சில்லுதான் தப்பிப் பிழைக்கிறது. மேஜை இழுப்பறையில், தையல் பெட்டியில், பழைய கோட்டின் பையில் அது பல ஆண்டுகள் உறங்குகிறது.

இத்தகைய சில்லுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் 1988-ல் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். லாஸ் வேகாசில் மாநாடு கூட்டுகிறார்கள். பத்திரிகை நடத்துகிறார்கள். ஒரு டாலர் மதிப்புள்ள சில்லு அங்கே நூறு டாலருக்கும் போகும், சில சமயம் ஆயிரக்கணக்கிலும் போகும். அதன் விலையைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, அது எவ்வளவு அரிதானது என்பது. இன்னொன்று, அது எந்த நிலையில் இருக்கிறது என்பது.

முதலாவதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றிக் காட்டலாம் என்ற ஆசைதான் சோப்புத் தண்ணீரை நாட வைக்கிறது.

களிமண்ணும் தங்க ரேக்கும்

சில்லின் உடம்பு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால், தண்ணீரும் பிரஷும் அதை என்ன செய்யும் என்பது தானே விளங்கும்.

களிமண் சில்லு என்று பெயர். ஆனால் குயவர் வீட்டுக் களிமண் அல்ல. களிமண்ணோடு வேறு சில பொருள்களையும் சாயத்தையும் கலந்து செய்த கலவை அது. அதை வட்டமாக வெட்டி, விளிம்பில் வேறு நிறத் துண்டுகளைப் பதித்து, சூடான உலோக அச்சுக்குள் வைத்து, கடுமையாக அழுத்துவார்கள். வெளியே வரும்போது சுமார் 39 மில்லிமீட்டர் அகலமும் 10 கிராம் அளவு எடையும் கொண்ட வில்லையாக வரும்.

அச்சிலிருந்து வந்த புதுச் சில்லைக் கையில் எடுத்தால் வழவழப்பாக இராது. நெசவுத் துணி போல, குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் முகத்தில் பதிந்திருக்கும். விளிம்பு கத்தியால் சீவியது போலக் கூராக இருக்கும். மேஜை மீது செங்குத்தாக நிறுத்தினால் அப்படியே நிற்கும்! பழகிப்போன சில்லு நிற்காது. விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டதால் சாய்ந்து ஓடிவிடும்.

விடுதியின் பெயரைப் பொறிப்பதில் இரண்டு முறைகள் முக்கியமானவை. பழைய சில்லுகள் பலவற்றில் தங்க ரேக்கை வைத்து, சூடான அச்சால் எழுத்துகளை அழுத்தியிருப்பார்கள். பின்னால் வந்தவற்றில் அச்சிட்ட காகித வட்டம் ஒன்றை நடுவில் பதித்து, மேலே கண்ணாடி போன்ற மெல்லிய படலம் போட்டிருப்பார்கள்.

தங்க ரேக்கும் காகிதமும் நினைவில் இருக்கட்டும். சண்டையெல்லாம் இவற்றால்தான் வருகிறது.

சேகரிப்பவர்கள் சில்லின் நிலையைத் தரம் பிரிக்கிறார்கள். புழக்கத்துக்கே வராத புதியது, சற்றே பழகியது, நடுத்தரமாகப் பழகியது, மிகவும் பழகியது, கெட்டுப் போனது என்று போகிறது அந்த வரிசை. ஒரு படி இறங்கினாலும் விலை கணிசமாக இறங்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வரிசையில் ‘அழுக்கானது’ என்று ஒரு தரம் இல்லை! கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா, விளிம்பு மழுங்கியிருக்கிறதா, ரேக்கு உதிர்ந்திருக்கிறதா, மூலை பெயர்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அழுக்கு என்பது மேலே படிந்தது. தேய்மானம் என்பது உடம்பே போனது. இரண்டும் ஒன்றல்ல.

இருந்தும் கண் ஏமாறுகிறது. அழுக்கேறிய சில்லு ஒரு படி தாழ்ந்ததாகத் தோன்றுகிறது. கழுவிய சில்லு ஒரு படி உயர்ந்ததாகத் தோன்றுகிறது. தரம் சொல்பவரும் மனிதர்தானே! விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் அனுபவசாலி தப்பித்துக் கொள்வார். மற்றவர்கள் மாட்டிக் கொள்வார்கள்.

டப்பாவைத் திறந்த குடும்பம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தாத்தா அந்தக் காலத்தில் விடுதி ஒன்றில் சமையல்காரராக வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு, அவருடைய பழைய பிஸ்கட் டப்பாவில் இருபது சில்லுகள் கிடைக்கின்றன. எல்லாம் பழுப்பேறி இருக்கின்றன. சிகரெட் புகை, கை வியர்வை, சிந்திய பானம் எல்லாம் சேர்ந்து விளிம்பின் வெள்ளைத் துண்டுகளை மஞ்சளாக்கியிருக்கின்றன.

விற்றால் நாலு காசு கிடைக்கும் என்று யாரோ சொல்கிறார்கள். மருமகள் நல்லெண்ணத்தோடு சுடுதண்ணீரில் சோப்பைக் கரைத்து, அத்தனையையும் ஊறப் போடுகிறாள். பிறகு பற்பொடியைத் தொட்டுப் பிரஷால் தேய்க்கிறாள். அரை மணி நேரத்தில் எல்லாம் ‘பளிச்’!

என்ன நடந்தது?

முதலில் தங்க எழுத்துகள். அந்த ரேக்கு காகிதத்தைவிட மெல்லியது. பிரஷ் மயிர் அதன் ஓரத்தைத் தூக்கிவிட்டது. ‘டூன்ஸ்’ என்று ஐந்தடி தூரத்திலிருந்து படிக்க முடிந்த பெயர், இப்போது வெறும் பள்ளமாக இருக்கிறது. உதிர்ந்த ரேக்கைத் திரும்ப ஒட்ட வழியே இல்லை. வேறு ரேக்கு வைத்து அடித்தால் அது போலி வேலை.

அடுத்தது காகித வட்டம். மேலே படலம் இருக்கிறதே என்று நினைக்கலாம். பழைய சில்லில் அந்தப் படலத்தின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். காகிதம் ஊறி, காய்ந்த பிறகு பழுப்பு வளையமாக நின்றுவிடும். சுவரில் ஓதம் ஏறிய கறை போல, அது ஒருநாளும் போகாது.

மூன்றாவது அந்த நுண்கோடுகள். பற்பொடி, பற்பசை எல்லாவற்றிலும் தேய்க்கும் தூள் இருக்கிறது. பல்லின் கடினத்தைச் சமாளிக்கச் செய்த தூள், களிமண் கலவையைச் சும்மா விடுமா? சுவர்க் கறையைப் போக்கும் வெள்ளைப் பஞ்சு என்று இந்நாளில் ஒன்று விற்கிறார்களே, அது இன்னும் மோசம். தொட்டால் வெண்ணெய் போல மிருதுவாக இருக்கிறது. உண்மையில் அது மிக நுண்ணிய உப்புத்தாள்தான். பத்து ஆண்டு ஆட்டத்தில் தேய வேண்டிய முகம் ஐந்து நிமிஷத்தில் தேய்ந்துவிடும்.

அழுக்கோடு இருந்தபோது ‘சற்றே பழகியது’ என்ற தரத்துக்குப் போயிருக்க வேண்டிய சில்லு, சுத்தமானதும் ‘மிகவும் பழகியது’ ஆகிவிட்டது. அந்தப் பெண் அழுக்கைக் கழுவவில்லை, விலையைக் கழுவினாள்! அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டது அதுதான்.

எண்ணெய் வித்தை

கழுவிய சில்லு காய்ந்ததும் இன்னொரு கோளாறு தெரியும். சாக்கட்டி பூசியது போல வெளிறிப் போயிருக்கும். பலர் கைபட்டு ஏறியிருந்த எண்ணெய்ப் பசை போய்விட்டதே காரணம். ஒலி அதிர்வினால் சுத்தம் செய்யும் யந்திரத்தில் அதிக நேரம் போட்டு எடுத்தால் சாயமே கொஞ்சம் வெளுத்துவிடுவதும் உண்டு.

இதற்குச் சிலர் கண்டுபிடித்த மருந்துதான் எண்ணெய். மணமும் நிறமும் இல்லாத மினரல் எண்ணெயை விரலில் ஒரு சொட்டுத் தொட்டுச் சில்லின் மேல் தடவுகிறார்கள். அடடா! சிவப்பு ரத்தச் சிவப்பாகிறது. கறுப்பு கரிக் கறுப்பாகிறது. கீறல்கள் மாயமாக மறைகின்றன.

மந்திரம் ஒன்றுமில்லை. காய்ந்த செங்கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் நிறம் ஆழமாகத் தெரிகிறதல்லவா? அதே கணக்குத்தான். கீறலுக்குள் எண்ணெய் நிரம்பி வெளிச்சம் சிதறாமல் பார்த்துக் கொள்கிறது. கீறல் அங்கேயேதான் இருக்கிறது.

வாங்கிக் கொண்டு போனவர் வீட்டில் நாளடைவில் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு, தூசியும் ஒட்டிக்கொள்ளும். ஆல்பத்தின் காகிதத்தில் எண்ணெய் வட்டம் விழும். சில்லு பழையபடி வெளிறும். விற்றவன் அதற்குள் காசை எண்ணி முடித்திருப்பான்.

நேரில் வாங்கிய காலத்தில் இந்த வித்தைக்கு ஓர் எல்லை இருந்தது. விரலால் தடவிப் பார்த்தால் பசை தெரிந்துவிடும். இப்போது பெரும்பாலான வியாபாரம் இணைய ஏலத்தில் நடக்கிறது. வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு புகைப்படம். புகைப்படத்தில் எண்ணெய் தெரிவதில்லை, நிறம்தான் தெரிகிறது! இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

வெள்ளைக் கையுறையும் வெள்ளிக்காசும்

சில்லுக்காரர்களுக்கு முன்னால் இந்த அடியைப் பட்டவர்கள் நாணயம் சேகரிப்பவர்கள்.

சான்பிரான்சிஸ்கோ நகரில் செயின்ட் பிரான்சிஸ் என்று ஒரு புகழ் பெற்ற ஹோட்டல். 1938-ம் ஆண்டில் அங்கே ஒரு வேடிக்கையான ஏற்பாடு தொடங்கியது. அந்நாளில் சீமாட்டிகள் வெள்ளைக் கையுறை அணிந்து வருவார்கள். சில்லறைக் காசுகளின் அழுக்கு அந்தக் கையுறையில் ஒட்டிக்கொண்டது. மானேஜர் பார்த்தார். ஹோட்டலுக்கு வரும் காசை எல்லாம் கழுவித்தான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்!

சிறு உலோகக் குண்டுகளும் சோப்பும் போட்ட உருளையில் காசுகளை உருட்டிக் கழுவினார்கள். பல பத்தாண்டுகள் இது நடந்தது. ஓர் ஊழியர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதையே உத்தியோகமாகச் செய்தார். டாக்சி டிரைவர்கள் பளபளக்கும் காசைப் பார்த்தே, பயணி எந்த ஹோட்டலிலிருந்து வருகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

செலவுக்கான காசுக்கு இது நல்ல காரியம். ஆனால் அந்த உருளையில் ஓர் அரிய காசு விழுந்திருந்தால் அதன் கதி அதோகதிதான்.

புது நாணயம் அச்சடிக்கும்போது அழுத்தத்தில் உலோகம் வழிந்தோடி, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச் செல்கிறது. காசைச் சாய்த்தால் சக்கரம் போல ஒளி சுழல்வது அந்தக் கோடுகளால்தான். பாலிஷ் போட்டால் கோடுகள் போய்விடும். பளபளப்பு வரும், ஒளி சுழலாது. 1986, 1987-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் தோன்றிய நாணயத் தர நிறுவனங்கள், முறை தவறிச் சுத்தம் செய்யப்பட்ட காசுக்கு 70 வரை போகும் எண் தரத்தைக் கொடுப்பதில்லை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி ஒதுக்கிவிடுகின்றன.

தமிழ்நாட்டு வீடுகளிலும் பாட்டியின் பெட்டியில் பழைய வெள்ளி ரூபாயோ செப்புக் காலணாவோ இருக்கக் கூடும். புளியும் சாம்பலும் அவற்றின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

‘தொடவே கூடாது’ கட்சி

இதையெல்லாம் பார்த்துவிட்டு, சில்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. அழுக்கும் சரித்திரம்தான் என்பது அவர்கள் வாதம்.

சாண்ட்ஸ் விடுதியில் 1960-ல் பிராங்க் சினாட்ராவும் டீன் மார்ட்டினும் சாமி டேவிஸும் மேடை ஏறிப் பாடினார்கள். அந்த நாளில் மேஜையில் கிடந்த சில்லின் அழுக்கு, அந்த இரவின் அழுக்கு அல்லவா? அதைக் கழுவலாமா? இப்படிக் கேட்கிறார்கள்.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த அழுக்கு சினாட்ரா கையிலிருந்து வந்ததா, சாப்பிட்ட கையைக் கழுவாத வேறொருவரிடமிருந்து வந்ததா? யாரால் சொல்ல முடியும்! அதுவும் போக, அழுக்கு சும்மா படுத்திருப்பதில்லை. வியர்வை உப்பும் பிசுக்கும் ஈரத்தை இழுக்கும். அருகில் உள்ள சில்லிலும் ஒட்டும். அதைப் பூஜை செய்து வைப்பதில் அர்த்தம் இல்லை.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. விடுதிக்காரர்களே சில்லைக் கழுவுகிறார்கள். கொரோனா நோயினால் மூடப்பட்ட நெவாடா விடுதிகள் 2020 ஜூன் 4-ம் தேதி திரும்பத் திறந்தபோது, சில்லுகளைக் கிருமிநாசினி கொண்டு சுத்தம் செய்வது அன்றாட வேலையாகிவிட்டது. அந்த நாட்களில் மேஜையில் புரண்ட சில்லைக் ‘கழுவாத கன்னிச் சில்லு’ என்று இனி யாரும் உரிமை கொண்டாட முடியாது.

ஆகவே, கழுவுவது பாவம் என்ற கட்சியும் சரியில்லை. கழுவினால் தரம் கூடும் என்ற கட்சியும் சரியில்லை. கழுவினால் தரம் கூடாது. இருக்கும் தரம் வெளியே தெரியும், அவ்வளவுதான். அழுக்குக்குக் கீழே நல்ல கோடுகள் இருந்தால் அவை தெரியும். தேய்மானம் இருந்தால் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அழுக்கு சில சமயம் சில்லுக்குச் செய்யும் உபகாரம், அதன் வயதை மறைப்பதுதான்!

எதுவரை போகலாம்?

எழுத்து தங்க ரேக்கில் இருந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். காகித வட்டத்தின் ஓரத்தில் விரிசலோ தூக்கலோ தெரிந்தாலும் நிறுத்திக்கொள்ள வேண்டும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் தட்டுவதோடு சரி.

இவை இரண்டும் இல்லாத, மேலே பிசுக்குப் படிந்த சில்லு என்றால், ஆறின தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி போதும். ஊற வைப்பது கூடாது. மிருதுவான துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்தலாம். இருபது சில்லு இருந்தால், விலை குறைந்த ஒன்றை முதலில் துடைத்து, ஒரு நாள் கழித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுவது புத்திசாலித்தனம். பற்பொடி, பஞ்சு, சாயம் வெளுக்கும் பொடி, எண்ணெய் ஆகிய எதற்கும் இங்கே வேலை இல்லை. ஐரோப்பிய விடுதிகளில் வழங்கும் செவ்வகப் பிளாஸ்டிக் வில்லைகள் சிலவற்றில் நகப்பூச்சு நீக்கும் திரவம் பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும்.

அரிய சில்லு என்று சந்தேகம் வந்தாலே போதும். கழுவாமல் அப்படியே விஷயம் தெரிந்தவரிடம் காட்டுவதுதான் உத்தமம். அழுக்கை நாளைக்கும் கழுவலாம். கழுவியதை நாளைக்கு அழுக்காக்க முடியாது!

வீட்டிலுள்ளவர்கள் அறிய வேண்டிய ஆபத்து ஒன்றும் உண்டு. பழைய களிமண் சில்லுகள் சிலவற்றில் எடை கூடுவதற்காக ஈயம் கலந்திருந்தார்கள். கையில் வைத்துப் பார்ப்பதால் பெரிய கேடு இல்லை. ஆனால் உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் கலக்கும், மூச்சோடு உள்ளே போகும். சமையல் பாத்திரத்தில் இவற்றைக் கழுவக் கூடாது. குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

விற்பவனின் கடமை

கழுவியதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா? சில வியாபாரிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ‘சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு விற்பவன் அதைச் சொல்லிக்கொண்டா விற்கிறான்?’ என்பார்கள்.

சட்டைக்கும் சில்லுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சட்டையை வாங்குபவர் போட்டுக்கொள்ள வாங்குகிறார். சில்லை வாங்குபவர், 1955-ல் அச்சிலிருந்து வந்த அந்த முகம் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து, அந்த மிச்சத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார். அந்த முகத்தின் மேல் விற்பவர் கை வைத்திருந்தால், அது அவருக்குத் தெரிய வேண்டாமா? துணியால் துடைத்ததைக்கூடச் சொல்லிவிடுவது நல்லது. எண்ணெய் தடவியதைச் சொல்லாமல் விற்பது, பாலில் தண்ணீர் கலப்பதற்குச் சமானம்.

சொன்னால் விலை குறையுமே என்று பயப்படுகிறார்கள். கொஞ்சம் குறையலாம். ஆனால் சில்லுக்காரர்களின் உலகம் சிறியது. ஒரு மாநாட்டுக் கூடத்தில் எல்லோரும் எல்லோரையும் சந்திக்கிறார்கள். எண்ணெய்ச் சில்லு விற்றவனின் பெயர், அடுத்த மாநாட்டுக்கு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சேகரிப்பவர்கள் ஒவ்வொரு சில்லையும் ஓர் உறையில் போட்டு, விடுதியின் பெயரையும் கிடைத்த ஆண்டையும் அதன் மேல் எழுதி வைப்பது உண்டு. அதே உறையில், ‘சோப்புத் தண்ணீரால் துடைத்தது’ என்று தேதியோடு இன்னொரு வரி எழுத அரை நிமிஷம் ஆகாது.